உவர்மலை வீடு: அப்பாவுக்குத் திடீரென்று என்ன?

வெள்ளி

அக்கா: அப்பா இன்று கோணேசர் கோயிலுக்குப் போகவில்லை. சைக்கிளை வெளியே எடுத்தார், ஏறாமல் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கே போகிறீர்கள் என்றால் "ஹார்பருக்கு, வேலைக்கு" என்கிறார். பென்சன் எடுத்து எத்தனை வருஷம்!

பெரியண்ணா: பகிடி விட்டிருப்பார்.

அக்கா: பகிடி இல்லை அண்ணா. முகத்தில் சிரிப்பே இல்லை.

நிலாவெளி மாமா: அத்தானுக்கு 76 ஆகிறது பிள்ளை. வயது போனால் மறதி வரும்தானே. எங்கள் ஐயாவும் கடைசிக் காலத்தில் இப்படித்தான்.

தம்பி: மாமா, போன மாதம் நான் வந்தபோது கோட்டை வாசலில் இருந்து கோயில் வரைக்கும் நிற்காமல் ஏறினார். நான்தான் மான் பார்க்கிற சாட்டில் நடுவில் நின்று மூச்சு வாங்கினேன். ஒரு மாதத்தில் வயது போகுமா?

நிலாவெளி மாமா: முன்னனுப்பியது: *முதியோரின் மறதிக்கு வல்லாரை! 7 நாளில் அதிசயம்! பத்துப் பேருக்குப் பகிருங்கள்*

அக்கா: இன்னொன்று. செவ்வாய் கொண்டுவந்த சூடை மீன் கண் வெளுத்துப் போய்க் கிடந்தது. செவுளைத் தூக்கிப் பார்க்காமல் காசு கொடுக்கிற ஆளா அவர்? அன்றைக்கே எனக்கு மனம் சரியில்லை.

நான்: நைட் டியூட்டி முடிந்து இப்போதுதான் பார்த்தேன். அக்கா, கேட்பதற்கெல்லாம் பதில் போடுங்கள். எப்போதிலிருந்து? நாள் முழுக்க ஒரே மாதிரியா, கூடிக் குறைகிறதா? காய்ச்சல், சிறுநீர் எரிவு இருக்கிறதா? விழுந்தாரா?

அக்கா: பத்து நாள் இருக்கும். காலையில் பரவாயில்லை, பின்னேரம் மோசம். சாப்பாட்டைப் பார்த்தாலே ஓங்காளிக்கிறார். காய்ச்சல் இல்லை, எரிவு இல்லை. போன கிழமை கிணற்றடியில் வழுக்கினார், அடிபடவில்லை என்றார்.

நான்: முதலில் ஸ்ட்ரோக்கா என்று பார்ப்போம். சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் இழுக்கிறதா பாருங்கள். இரண்டு கையையும் நீட்டிப் பிடிக்கட்டும், ஒன்று கீழே இறங்குகிறதா என்று கவனியுங்கள். ஒரு வசனம் சொல்லச் சொல்லுங்கள்.

அக்கா: வாய் நேர்தான். கை இரண்டும் ஒரே உயரம், கொஞ்சம் நடுங்குகிறது. பேச்சுத் தெளிவு. ஆனால் இன்று என்ன கிழமை என்றால் சித்திரை வருஷம் என்கிறார்.

பெரியண்ணா: டிமென்ஷியாவா, அந்த மறதி நோயா?

நான்: டிமென்ஷியா மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல வரும் அண்ணா. பத்து நாளில் ஆள் மாறி, காலையில் ஒன்று பின்னேரம் ஒன்று என்றால் உடம்பில் ஏதோ குழம்பியிருக்கிறது, மூளை அதைக் காட்டுகிறது. வயதின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருக்க முடியாது. அக்கா, புதிதாக மருந்து ஏதும் தொடங்கினாரா? கிளினிக் கொப்பியையும் மருந்துப் பையையும் படம் எடுத்துப் போடுங்கள்.

அக்கா: 📷 புகைப்படம்
📷 புகைப்படம்

நான்: லொசாட்டன், மெட்போமின், அற்றோவாஸ்டற்றின், அஸ்பிரின் எல்லாம் பழையது. பிறஷர் குளிசை அம்லோடிபின் 5 மில்லிகிராமாக இருந்ததை ஆனியில் 10 ஆக்கியிருக்கிறார்கள். இரண்டாவது படத்தில் அந்த வெள்ளை உறை என்ன? "காலை 1" என்று மட்டும் எழுதியிருக்கிறது.

அக்கா: கால் வீங்கியது என்று பக்கத்தில் ஒரு டிஸ்பென்சரியில் காட்டினார். அங்கே கொடுத்தது. மூன்று கிழமையாகப் போடுகிறார். இதனால் காலுக்கு நல்லது என்றார்.

நான்: போன் எடுத்துப் பெயரைக் கேளுங்கள், உடனே.

அக்கா: கேட்டேன். ஹைட்ரோகுளோரோதயசைட், 25.

நான்: சரி. சந்தேகம் அங்கேதான். அம்லோடிபினைக் கூட்டினால் பலருக்குக் கணுக்கால் வீங்கும். அந்த வீக்கத்துக்கு நீர்க்குளிசை, அதாவது சிறுநீரைக் கூட்டுகிற குளிசை, கொடுத்திருக்கிறார்கள். வயதானவர்களுக்கு அந்தக் குளிசை ரத்தத்தில் இருக்கிற சோடியத்தை, அதாவது உப்பை, இறக்கிவிடலாம். தண்ணீர் எவ்வளவு குடிக்கிறார்?

அக்கா: ஒன்றரை லீற்றர் போத்தல் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. அது போக தேத்தண்ணீர், இளநீர். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி மாமா குழுவில் போட்ட செய்தியைப் பார்த்துத்தான்.

நிலாவெளி மாமா: நான் எழுதினதில்லை பிள்ளை. வந்ததை அனுப்பினேன்.

தம்பி: 😂

அக்கா: இன்னும் கேள். பிறஷர் என்று அம்மா அவருக்குத் தனிச் சட்டியில் உப்பே இல்லாமல் சமைக்கிறா.

நான்: வாயால் உப்பு இல்லை, சிறுநீரில் உப்புப் போகிறது, மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறோம். ரத்தம் எடுக்காமல் முடிவாகச் சொல்ல முடியாது. இன்றே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

அக்கா: நாளைக் காலை போனால் என்ன? இப்போதுதான் கண் அயர்ந்தார்.

நான்: தட்டி எழுப்பினால் முழிக்கிறாரா?

அக்கா: முனகுகிறார். இப்போது சத்தியும் எடுத்துவிட்டார்.

நான்: 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள். காசு கட்டத் தேவையில்லை, யோசிக்க வேண்டாம். ஆளைப் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வையுங்கள். வாயால் ஒன்றும் கொடுக்காதீர்கள்.

அக்கா: உப்புக் கஞ்சி ஒரு மிடறு?

நான்: வேண்டாம் அக்கா! மயக்கத்தில் புரையேறும். கொப்பி, மருந்துப் பை, அந்த வெள்ளை உறை எல்லாம் கையில் இருக்கட்டும். அஸ்பிரின் போடுகிறவர் கிணற்றடியில் வழுக்கினார் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். தலைக்குள் ரத்தம் மெல்லக் கசிந்து கிழமைக் கணக்கில் கழித்தும் வெளிக்காட்டும். அவர்கள் அதையும் பார்ப்பார்கள்.

பெரியண்ணா: அம்புலன்ஸ் வந்ததா? ஒருவரும் பதில் போடவில்லை.

பெரியண்ணா: ???

அக்கா: வார்டில் சேர்த்தாச்சு.

சனி

அக்கா: தலை ஸ்கானில் ஒன்றும் இல்லையாம். சீனி சரி. சோடியம் 114 என்று ஒரு துண்டில் எழுதித் தந்தார்கள். அது கூடவா குறைவா?

நான்: 135இலிருந்து 145க்குள் இருக்க வேண்டும். 120க்குக் கீழே போனால் வலிப்பே வரலாம். நல்ல நேரத்தில் போயிருக்கிறீர்கள்.

பெரியண்ணா: உப்புத்தானே குறைவு? சேலைனை வேகமாக ஏற்றினால் இன்றைக்கே சரிவரும்தானே? ஏன் சொட்டுச் சொட்டாக விடுகிறார்களாம்? வேண்டுமானால் கொழும்பில் தனியாரிடம் கொண்டு போவோம், செலவை நான் பார்க்கிறேன்.

நான்: அண்ணா, அவர்கள் செய்வதுதான் சரி. சோடியம் இறங்கினால் தண்ணீர் மூளைக் கலங்களுக்குள் போய் அவை வீங்கும். பத்து நாளில் மூளை அதற்கு ஒருவாறு பழகிவிட்டது. இப்போது சட்டென்று ஏற்றினால் அந்தத் தண்ணீர் ஒரேயடியாக வெளியே வந்து, நரம்புகளைச் சுற்றி இருக்கிற உறை சேதமாகும். கை கால், பேச்சு போய்விடலாம், பிறகு திரும்பாமலும் போகலாம். அதனால் 24 மணிநேரத்துக்கு 8, மிஞ்சினால் 10. அதற்கு மேல் ஏறாமல் பார்ப்பார்கள். அடிக்கடி ரத்தம் எடுப்பதும் அதற்குத்தான்.

பெரியண்ணா: சரி. இங்கே இருந்துகொண்டு எனக்கு வேறு என்ன செய்யத் தெரியும் சொல்லு.

தம்பி: நான் இரவு ரயில் ஏறுகிறேன். அக்கா, நாளைக்கு நீங்கள் வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள்.

ஞாயிறு

தம்பி: சோடியம் 121. என்னைப் பார்த்து "லீவு கிடைத்ததா" என்று கேட்டார். தண்ணீருக்கு அளவு வைத்திருக்கிறார்கள், அதற்கு ஒரே சண்டை. தாதி வெளியே போனதும் பக்கத்துக் கட்டில்காரரின் போத்தலுக்குக் கை போகிறது.

நான்: போத்தலை எட்டாத இடத்தில் வை. வாய் காய்ந்தால் ஈரத் துணியால் ஒற்றிவிடு.

நிலாவெளி மாமா: முருகா! பத்திரகாளியம்மனுக்கு நேர்த்தி வைத்திருக்கிறேன்.

திங்கள்

அக்கா: 127. காலையில் வார்டு இட்லியை ஒரு வாய் வைத்துவிட்டு "இதைச் சுட்டது யார்" என்று கேட்டார். அப்பா வந்துவிட்டார்.

நான்: 👏 தைரொயிட், பி12 கேட்டீர்களா? மெட்போமின் நெடுநாள் போட்டால் பி12 குறையலாம்.

தம்பி: கேட்டேன், அனுப்பியிருக்கிறார்களாம். நீர்க்குளிசையை நிறுத்தியாச்சு. கொப்பியில் சிவப்பு மையால் பெரிதாக எழுதியிருக்கிறது. அம்லோடிபின் பழையபடி 5. வீக்கம் தானாகக் குறையும், இருக்கும்போது காலைத் தூக்கி வைக்கச் சொன்னார்கள். வீட்டுக்குப் போனதும் ஒரு கிழமையில் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும்.

நான்: எங்கே மருந்து எடுத்தாலும் அந்தக் கொப்பியைக் காட்டட்டும். பெயர் எழுதாத உறையை இனி வீட்டுக்குள் விடாதீர்கள்.

நிலாவெளி மாமா: சாதா உப்புக் கூடாது என்றால் இந்துப்புப் போடலாமா பிள்ளை? நல்லது என்று ஒரு வீடியோ வந்தது.

நான்: இந்துப்பும் உப்புத்தான் மாமா. அந்த வீடியோவை இங்கே போட வேண்டாம்.

அக்கா: அம்மா கேட்கிறா, அப்போது தனிச் சட்டி வேண்டாமா?

தம்பி: டொக்டரிடம் கேட்டேன். கறிக்கு அளவாக உப்புப் போடலாம், கருவாடும் ஊறுகாயும் வேண்டாம்.

அக்கா: கருவாடு வேண்டாம் என்பதை அப்பாவிடம் நீயே சொல்லு.