இனிப்புச் சாண்ட்விச் தட்டுக்கு வருவதற்குள் சொதசொதத்துப் போகிறது; என்ன செய்யலாம்?

கேள்வி: வேளச்சேரி அம்மா

விடுமுறை தொடங்கியதிலிருந்து, மதியச் சாப்பாட்டைத் தாங்களே செய்ய வேண்டும் என்று என் ஏழு வயது மகளும் நான்கு வயது மகனும் பிடிவாதம் பிடிக்கிறார்கள். அடுப்பருகே விட முடியாது என்பதால், பிரெட்டில் வெண்ணெய் தடவி, பூவன்பழத் துண்டுகள், நாட்டுச் சர்க்கரை, தேங்காய்த்துருவல் ஆகியவற்றை அடுக்கி இனிப்புச் சாண்ட்விச் செய்யச் சொன்னேன். ஆசையாகத்தான் செய்கிறார்கள். ஆனால் வெண்ணெய் தடவும்போதே மகனின் கையில் பிரெட் கிழிந்துவிடுகிறது. எல்லோரும் உட்காருவதற்குள் சர்க்கரை கரைந்து, பழம் கறுத்து, அடித்துண்டு பிய்ந்து தட்டில் விழுகிறது. அதைச் சாப்பிட்டாலும் மூன்று மணிக்கே மீண்டும் பசி என்கிறார்கள். இவற்றுக்கு வழி சொல்லுங்கள்.

பதில்: அம்பத்தூர் பேக்கரிக்காரர்

அம்மா, உங்கள் சாண்ட்விச்சைக் கெடுப்பது தண்ணீர்தான். வாழைப்பழத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கும், பச்சைத் தேங்காயில் ஏறக்குறையப் பாதியும் தண்ணீர். அவற்றின் மேல் சர்க்கரையைத் தூவினால், அது அந்த நீரை வெளியே இழுத்துத் தானும் பாகாகிவிடுகிறது. அந்தப் பாகு முழுவதையும் பிரெட் உறிஞ்சிக்கொள்கிறது. எனவே பழத்தின் மேல் சர்க்கரை தூவுவதை முதலில் நிறுத்துங்கள்.

தேங்காய்த்துருவலையும் நாட்டுச் சர்க்கரையையும் முதல்நாள் மாலையே சிறிது நெய்யில் போட்டு, ஈரம் வற்றிக் கொழுக்கட்டைப் பூரணத்தின் பதத்துக்கு வரும்வரை நீங்களே கிளறி, ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். நம் ஊர் வெயிலில் தேங்காயை இரவு முழுவதும் வெளியே வைக்கக் கூடாது. ஏலக்காய்த்தூளைக் கலந்து பிசையும் வேலையைக் குழந்தைகளிடம் விடலாம்.

அடுத்தது வெண்ணெய். கொழுப்பின் வழியே தண்ணீர் எளிதில் இறங்காது என்பதால், இரண்டு துண்டுகளின் உட்புறத்திலும் விளிம்பு வரை மெல்லியதாகத் தடவ வேண்டும். நடுவில் மட்டும் கட்டியாக வைத்தால் பயனில்லை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த வேகத்தில் தடவினால் எந்த பிரெட்டும் கிழியத்தான் செய்யும். சித்திரை வெயிலில் கால் மணி நேரம் வெளியே வைத்தாலே வெண்ணெய் இளகிவிடும். கத்தி வேண்டாம், கரண்டியின் பின்புறத்தால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தடவச் சொல்லுங்கள். அன்று சுட்ட பிரெட்டைவிட முந்தைய நாள் பிரெட் சற்று இறுகியிருக்கும் என்பதால், சின்னக் கைகளுக்கு அதுவே ஏற்றது. பிரெட்டைக் குளிர்பெட்டியில் வைத்தால் பூஞ்சை தள்ளிப்போகும், ஆனால் விரைவில் விறைத்துப்போகும். சில நாட்களுக்கு மேல் வைக்க வேண்டுமென்றால் உறைநிலைப் பெட்டியே நல்லது.

பதில்: மயிலாப்பூர் பாட்டி

இவர் சொன்னது சரிதான் என்றாலும், பிரெட்டை வெறும் தோசைக்கல்லில் இருபுறமும் லேசாக வாட்டிக் கொடுத்தால் பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம். வாட்டியதை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் ஆவியிலேயே வியர்த்துவிடும். தட்டின் விளிம்பில் சாய்த்து ஆற விட்ட பிறகே வெண்ணெய் தடவ வேண்டும்.

வெட்டிய பழம் காற்றுப் பட்டவுடன் கறுக்கத் தொடங்கும். ஆகவே மற்ற அனைத்தும் தயாரான பின், கடைசியில் நறுக்கி, எலுமிச்சைச் சாற்றில் சில துளிகளைத் தடவுங்கள். முழுவதும் நிற்காது, தாமதமாகும். தோலில் கரும்புள்ளி விழாத, சற்றே கெட்டியான பழமாக எடுங்கள். பங்கனப்பள்ளி வரும் பருவத்தில் மாம்பழமும் வைக்கலாம். துண்டுகளைச் சுத்தமான துணியில் ஒற்றி எடுக்க மறக்க வேண்டாம். எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து அழுத்தினால் சாண்ட்விச் வட்டமாக வந்துவிடும். இதில்தான் பேரப்பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மிஞ்சும் ஓரங்களை நெய்யில் முறுகவிட்டால் மாலையில் கொறிக்க ஆகும்.

பதில்: பெரம்பூர் அப்பா

பசியைப் பற்றி இதுவரை யாரும் சொல்லவில்லை. பிரெட்டும் சர்க்கரையும் மட்டும் வயிற்றில் நிற்காது, புரதம் வேண்டும். பொட்டுக்கடலையையும் வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலையையும் பொடித்து வைத்துக்கொண்டு, வெண்ணெயின் மேல் ஒரு கரண்டி தூவச் சொல்லுங்கள். பழத்திலிருந்து வரும் ஈரத்தையும் அந்தப் பொடி வாங்கிக்கொள்ளும். கூடவே ஒரு டம்ளர் பாலோ மோரோ கொடுங்கள். மகனுக்கு நான்கு வயதுதான் என்பதால், தொண்டையில் சிக்கக்கூடிய முழு வேர்க்கடலையையும் முழு திராட்சையையும் தவிர்த்துவிடுங்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்தால், வேர்க்கடலை ஒவ்வாமை உண்டா என்று அவர்கள் பெற்றோரிடம் கேட்ட பிறகே கொடுக்க வேண்டும். தேன் சேர்ப்பதானால், ஒரு வயது நிறையாத குழந்தைக்கு அது துளியும் கூடாது.

கேள்வி: வேளச்சேரி அம்மா

அனைவருக்கும் மிக்க நன்றி. பள்ளி திறந்த பிறகு இதையே காலையில் செய்து டப்பாவில் கொடுத்தனுப்பலாமா?

பதில்: அம்பத்தூர் பேக்கரிக்காரர்

பழம் வைத்ததை அனுப்ப வேண்டாம் அம்மா. மதியம் வரை அந்தப் புழுக்கத்தில் தாங்காது. தேங்காய்ப் பூரணமும் வீட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும் இருக்கட்டும். வாட்டி ஆறிய பிரெட்டில் வெண்ணெயும் கடலைப்பொடியும் நாட்டுச் சர்க்கரையும் வைத்து அனுப்புங்கள். அதில் ஈரம் குறைவு என்பதால் தாங்கும். வாழைப்பழத்தை உரிக்காமல் தனியாக வைத்துவிடுங்கள், சாப்பிடும்போது உங்கள் மகளே உரித்துக்கொள்வாள்.