பரணில் கிடந்த பழைய முத்து, லயன், ராணி காமிக்ஸ்: காப்பாற்றுவது எப்படி, முதல் பதிப்பைக் கண்டுபிடிப்பது எப்படி?

வைகைக்கரை:
நண்பர்களுக்கு வணக்கம். மதுரை தல்லாகுளத்தில் ஒரு வீட்டுப் பரணில் கிடந்த தகர டிரங்குப் பெட்டி கைக்கு வந்திருக்கிறது. உள்ளே முத்து, லயன், ராணி காமிக்ஸ் உதிரியாக ஒரு கட்டு. ஐந்தாறு கதைகளைச் சேர்த்துக் கெட்டி அட்டை போட்டு பைண்ட் செய்த தொகுதி மூன்று. பளபளப்பான ஆர்ட் பேப்பரில் வந்த புது லயன் இதழ்கள் கொஞ்சம்.

ஓரமெல்லாம் பழுப்பு. ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து நடுப்பக்கம் கழன்று நிற்கிறது. தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சி ஓடுகிறது. சில அட்டைகளில் செல்லோடேப். ஆர்ட் பேப்பர் இதழ் இரண்டில் பக்கங்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. அட்டையை லேமினேட் செய்யச் சொல்கிறார்கள், செய்யலாமா? பைண்டிங்கைப் பிரிக்கலாமா? எது அசல், எது மறுபதிப்பு என்று எப்படிப் பார்ப்பது?

சட்டித்தலையன்:
லேமினேஷன் வேண்டவே வேண்டாம் நண்பரே. சூட்டில் உருகி ஒட்டும் பிளாஸ்டிக்கை அப்புறம் யாராலும் பிரிக்க முடியாது. தாளுக்குள் இருக்கும் அமிலமும் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். அந்தக் கால இதழ்கள் நியூஸ்பிரிண்ட், அதாவது செய்தித்தாள் அச்சிடும் தாள். மரக்கூழில் இருக்கும் லிக்னின் என்ற பொருளை நீக்காமல் செய்த தாள் என்பதால் வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுக்கும். சூடு அதை வேகப்படுத்தும். சித்திரை வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் பரண்தான் வீட்டிலேயே மோசமான இடம். தரைத்தளத்தில், வெளிச்சுவரைத் தொடாத அலமாரியில், தரையிலிருந்து அரை அடி உயரத்தில் வையுங்கள். உயரம் கறையானுக்காக.

அடுத்து பூச்சி. மருந்து அடிக்காதீர்கள், பாச்சை உருண்டையும் போடாதீர்கள். அந்த வாடை தாளை விட்டுப் போகாது, மூச்சுக்கும் நல்லதில்லை. இதழ்களைப் பத்துப் பத்தாகப் பாலித்தீன் பையில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, டேப்பால் நன்றாக மூடி டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். மைனஸ் 18 டிகிரி வேண்டும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டி அந்தக் குளிருக்குப் போகாது, பூச்சி முட்டைகள் பிழைத்துக்கொள்ளும். வெளியே எடுத்த பிறகு பையைத் திறக்காமல் ஒரு நாள் முழுக்க அறையில் வையுங்கள். பலரும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். குளிர்ந்த தாளை உடனே வெளியே எடுத்தால் காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் வியர்த்து, தாள் நனைந்துவிடும்.

ஈரப்பதம் 45-லிருந்து 55 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். ஒரு சின்ன ஈரப்பதமானி வாங்கி அலமாரிக்குள் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் 70-ஐத் தாண்டினால் சிலிக்கா ஜெல் வையுங்கள். நிறம் மாறியதும் சமையலுக்கு எடுக்காத கடாயில் சிறு தீயில் சூடாக்கினால் மறுபடி உதவும். கோடையில் அதை எடுத்துவிடுங்கள். அதிகம் காய்ந்தாலும் தாள் அப்பளமாக நொறுங்கும்.

ஒட்டிக்கொண்ட ஆர்ட் பேப்பரை இழுக்காதீர்கள். அந்தத் தாளின் மேல் வெள்ளைக் களிமண் பூச்சு இருக்கிறது. நனைந்து, ஒன்றோடொன்று அழுந்திக் காய்ந்தால் பூச்சே பசையாகிவிடும். இழுத்தால் படம் எதிர்ப்பக்கத்தோடு போய்விடும். காய்ந்து ஒட்டியதற்கு வீட்டில் வைத்தியம் கிடையாது, அப்படியே வைத்திருங்கள். நனைந்த உடனே கவனித்தால் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் தாள் சொருகிக் காப்பாற்றலாம்.

செல்லூர் பைண்டர்:
பின்னைப் பற்றியும் பைண்டிங்கைப் பற்றியும் நான் சொல்கிறேன்.

துருப்பிடித்த பின்னை பிளேயரால் பிடுங்கினால் மடிப்பு கிழிந்து ஓட்டை பெரிதாகும். இதழை நடுப்பக்கம் விரித்து மேசையில் வையுங்கள். மொக்கையான மெல்லிய கத்தியைப் பின்னின் மடங்கிய காலுக்கு அடியில் விட்டு நிமிர்த்துங்கள், இரண்டு காலும் நேராக நிற்க வேண்டும். பிறகு இதழைத் திருப்பி, முதுகுப் பக்கத்திலிருந்து மெதுவாக நெம்பினால் முழுசாக வந்துவிடும். துருத்தூளை மெல்லிய தூரிகையால் தட்டுங்கள், தேய்த்தால் தாளுக்குள் ஏறும். திரும்பத் தைக்கப் புது பின் வேண்டாம். அதே ஓட்டைகள் வழியாக வெள்ளைப் பருத்தி நூலைக் கோத்து உள்பக்கம் முடிச்சுப் போடுங்கள். இழுத்து முடிந்தால் நூல் தாளை அறுக்கும், கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும்.

கிழிசலுக்கு மைதாப் பசை போடாதீர்கள். போஸ்டர் ஒட்டும் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அது தாமிர உப்பு, தாளை இன்னும் வேகமாக அரிக்கும். துத்தம் கலக்காவிட்டால் ராமபாணத்துக்கு நீங்களே விருந்து வைத்த மாதிரி. சி.எம்.சி. (கார்பாக்சிமெதில் செல்லுலோஸ்) என்ற பசைப் பவுடர் வாங்குங்கள். 100 மில்லி தண்ணீரில் 3 கிராம் தூவி, இரவு முழுக்க ஊறவிட்டால் கட்டியில்லாத பசை கிடைக்கும். கிழிசல் ஒட்டும் மெல்லிய தாள் ஜப்பான் டிஷ்யூ என்று கேட்டால் ஓவியப் பொருள் விற்கும் ஆன்லைன் கடைகளில் வரும், 9-லிருந்து 12 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) எடை எடுங்கள். கத்தரிக்கோலால் வெட்டாமல், ஈரக்கோடு போட்டுக் கையால் கிழித்தால்தான் ஓரத்து நார் பிரிந்து தாளோடு சேரும். பசையை டிஷ்யூவில் தடவி, ஒரு நிமிஷம் ஒற்றுத்தாளில் வைத்து ஈரத்தைக் குறைத்துவிட்டுக் கிழிசலின் மேல் வையுங்கள். நியூஸ்பிரிண்டில் ஈரம் அதிகமானால் பழுப்புக் கறை வளையமாக நிற்கும். மேலும் கீழும் ஓ.எச்.பி. ஷீட் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) வைத்து, கனமான புத்தகத்தை ஏற்றி மறுநாள் எடுங்கள்.

செல்லோடேப் கெட்டியாக ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள். தின்னர் தொட்டால் அட்டை மை கரையும். தானாகக் காய்ந்து தூக்கிக்கொண்டிருக்கும் டேப்பை மட்டும், தாளோடு படிந்த கோணத்தில் மெதுவாக உரிக்கலாம்.

பைண்ட் செய்த தொகுதியைப் பிரிக்காதீர்கள் என்பதே என் பேச்சு. அந்தக் காலத்தில் மூன்று பக்கமும் கட்டிங் மெஷினில் வெட்டி, முதுகோரம் குத்தித் தைத்து, வச்சிரம் என்ற விலங்குப் பசை தடவியிருப்பார்கள். வெட்டுப்பட்ட ஓரம் திரும்ப வராது. பிரித்தால் தையல் ஓட்டையும் வச்சிரம் பிய்த்த முதுகும்தான் மிஞ்சும், தனி இதழ் மதிப்பும் கிடைக்காது. பார்க்கப்போனால் உதிரி இதழ்களைவிடத் தொகுதிக்குள் இருக்கும் பக்கங்கள்தான் நன்றாக இருக்கும், கெட்டி அட்டை வெளிச்சத்தையும் காற்றையும் தடுத்திருக்கும். முழுக்க விரிக்காமல் பாதி திறந்து படியுங்கள்.

திருமங்கலம் வாசகர்:
அசலா மறுபதிப்பா என்பதற்கு வருகிறேன்.

முத்து காமிக்ஸ் 1972-ல் சிவகாசியிலிருந்து இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. லயன், ராணி இரண்டும் 1984. லயனின் முதல் இதழ் ‘கத்தி முனையில் மாடஸ்டி’. பிரபலமான மாயாவி கதைகள் பின்னாளில் முத்துவிலும் ‘காமிக்ஸ் கிளாசிக்ஸ்’ வரிசையிலும் திரும்ப வந்தன. அட்டையை நம்பாதீர்கள், உள்பக்க முகவரியையும் விளம்பரங்களையும் படியுங்கள். ஆறு இலக்க பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-ல்தான் அமலுக்கு வந்தது. முகவரியில் 626 என்று தொடங்கும் ஆறு இலக்கம் இருந்தால் அந்தப் பிரதி அதற்குப் பிந்தியது. ₹ குறி இருந்தால் 2010-க்குப் பிறகு. ஆசிரியர் பக்கத்தில் ‘லை’, ‘னை’ ஆகியவை தும்பிக்கை போட்ட பழைய வடிவில் இருக்கின்றனவா பாருங்கள். தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை 1978-ல் கொண்டுவந்தது. அச்சகங்கள் ஒரே நாளில் மாறவில்லை. அதனால் பழைய எழுத்து இருந்தாலே 70-கள் என்று முடிவு கட்ட வேண்டாம். ஆனால் 1972 இதழ் என்று விற்கும் பிரதியில் புது ‘லை’ இருந்தால் கட்டாயம் சந்தேகப்படுங்கள்.

ஜெராக்ஸ் எடுத்துப் பின் அடித்து அசல் விலைக்கு விற்பதும் நடக்கிறது. கள்ளநோட்டுப் பார்க்கும் புறஊதா டார்ச்சை இருட்டில் அடியுங்கள். இப்போதைய ஜெராக்ஸ் தாள் பளீரென்று நீலமாக ஒளிரும், நியூஸ்பிரிண்ட் மங்கலாகவே கிடக்கும். ஜெராக்ஸின் மைப்பொடியான டோனர் மடிப்பில் செதில் செதிலாக உதிரும், அச்சு மை உதிராது. பழுப்பும் அடையாளம்தான்: இயற்கையாகப் பழுத்த தாள் ஓரத்தில் அடர்த்தியாகவும் உள்ளே போகப்போக வெளிறியும் இருக்கும். டீத்தண்ணீரில் முக்கியது பக்கம் முழுக்கத் திட்டுத்திட்டாகத் தெரியும்.

பட்டியல் போடும்போது பெயர் குழப்பம் வரும். முத்துவின் இரும்புக்கை மாயாவி, பிரிட்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில் 1962 அக்டோபரில் தொடங்கிய லூயிஸ் கிராண்டெல். வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹேசூஸ் பிளாஸ்கோ. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும். ராணி காமிக்ஸில் மாயாவி என்று வந்தவரோ லீ ஃபாக் 1936-ல் உருவாக்கிய ‘ஃபாண்டம்’ என்ற முகமூடிக்காரர். லயனின் கூர்மண்டை ஸ்பைடரையும் அமெரிக்க ஸ்பைடர்மேனோடு சேர்க்காதீர்கள். இவர் 1965-ல் பிரிட்டனில் டெட் கோவன் எழுதி ரெஜ் பன் வரைந்த குற்றச் சக்கரவர்த்தி. சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல்தான் பின்னால் அவர் கதைகளை எழுதினார். சூப்பர்மேனை உருவாக்கிய மூளை வேலை செய்த கதைகள் லயன் வழியாக நம் கைக்கு வந்தன. என்னைக் கேட்டால் பெட்டியில் ஸ்பைடர் இதழ்களுக்குத்தான் முதல் கவனம் கொடுப்பேன்.

வைகைக்கரை:
அனைவருக்கும் நன்றி அண்ணே. லேமினேஷனை விட்டாச்சு. மேலே போடும் கவர் எங்கே கிடைக்கும்?

சட்டித்தலையன்:
விளக்குத்தூண் பக்கம் போய், சட்டை பேக் செய்யும் பி.ஓ.பி.பி. கவர் என்று கேளுங்கள். ஒட்டும் மடிப்போடு பல அளவில் வரும். அது பாலிப்ரொப்பிலீன், தாளுக்குக் கெடுதல் இல்லை. கசக்கினால் சரசரவென்று சத்தம் போடும். மெதுமெதுவென்று, பிளாஸ்டிக் வாடை அடித்தால் பி.வி.சி., அட்டை மையோடு ஒட்டிக்கொள்ளும், வாங்காதீர்கள். இதழை விட அரை அங்குலம் பெரிய அளவு எடுங்கள். உள்ளே முட்டுக்கு அமிலமற்ற அட்டை வையுங்கள். நோட்டுக்கடைச் சாம்பல் நிற அட்டையில் அமிலம் இருக்கும், சில வருஷத்தில் பின்னட்டையில் பழுப்பாக இறங்கும். கவரின் ஒட்டும் பட்டையை இதழ் உரசாமல் பின்பக்கம் வருமாறு போடுங்கள், இல்லையென்றால் வெளியே எடுக்கும்போது அட்டை அதில் சிக்கிக் கிழியும். ஆர்ட் பேப்பர் இதழ்களைப் படுக்க வைத்து அடுக்க வேண்டாம், நிற்க வைத்து, சாயாத அளவுக்கு மட்டும் நெருக்குங்கள்.