ஒவ்வொரு கட்டளைக்கும் சூடோவா, ஒரேயடியாக ரூட்டா?

கருந்திரை:
உபுண்டு (லினக்ஸ்) சர்வர் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு கட்டளைக்கு முன்னால் சூடோ போட்டால், அது மட்டும் ரூட்டின், அதாவது எல்லா அதிகாரமும் உள்ள யூசரின், பெயரில் ஓடும். ஆனால் 'சூடோ மைனஸ் ஐ' அடித்து ரூட் ஷெல்லிலேயே, அதாவது எல்லாக் கட்டளையும் ரூட்டாகவே ஓடும் திரையிலேயே, வேலை பார்ப்பது என் வழக்கம். குழுவில் புதிதாகச் சேர்ந்தவர் அதைப் பார்த்து முகம் சுளிக்கிறார். இருபது கட்டளைக்கு இருபது தடவை சூடோ அடிப்பதில் என்ன லாபம்? ஒருமுறை பாஸ்வேர்டு கொடுத்தால் 15 நிமிடத்துக்கு மறுபடி கேட்பதே இல்லை.

நள்ளிரவுப்பணி:
பாஸ்வேர்டை விடுங்கள். சிஸ்டத்தின் அமைப்பு ஃபைல்கள் இருக்கும் ஈடிசி ஃபோல்டரில் ரூட்டாக நின்று ஒரு ஃபைலைத் திருத்திவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து, அதே திரையில், என் ஹோம் ஃபோல்டரில் கிடந்த பழைய பேக்கப்களை அழிக்கப் பார்த்தேன். பெயருக்கும் நட்சத்திரக் குறிக்கும் நடுவில் ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. நட்சத்திரம் தனியாக நின்றால் 'இங்கே இருப்பதெல்லாம்' என்று பொருள். 'இங்கே' என்பது ஈடிசி!

கருந்திரை:
முன்னால் சூடோ போட்டிருந்தாலும் அதே கதிதான்.

நள்ளிரவுப்பணி:
போட்டிருக்கவே மாட்டேனே! என் சொந்த ஃபைலை அழிக்க எதற்குச் சூடோ? சாதாரண யூசராக இருந்திருந்தால் 'பெர்மிஷன் டினைடு' என்று வரிவரியாகத் திட்டு வாங்கியிருப்பேன், அவ்வளவுதான்.

கருந்திரை:
சரி, அது நியாயம். ஆனால் சூடோ எக்கோ (கொடுத்த எழுத்தை அப்படியே வெளியிடும் கட்டளை) அடித்து, வெளியீட்டை ஃபைலுக்குத் திருப்பும் அம்புக்குறி போட்டு, ஈடிசி ஃபைல் ஒன்றில் எழுதிப் பாருங்கள். எழுதாது. அந்த ஃபைலைத் திறப்பது சூடோ இல்லை, அதிகாரம் இல்லாத நம் ஷெல். எக்கோவின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்குத் தரும் பைப் குறியைப் போட்டு, அதை ஃபைலில் எழுதும் 'சூடோ டீ'யைக் கோர்க்க வேண்டும். இந்த வித்தையெல்லாம் தேவையா?

பழையடெர்மினல்:
டீ ஒரு வித்தையா? லாக்கைப் பாருங்கள். சூடோ போட்டால் யார், எப்போது, எந்தக் கட்டளை என்று வரிக்கு வரி பதிவாகும். ரூட் ஷெல்லுக்குள் போனால் உள்ளே போனது மட்டும்தான் அதில் இருக்கும். மூன்று பேர் பார்க்கும் சர்வரில் ராத்திரி ஃபயர்வாலை நிறுத்தியது யார் என்று காலையில் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

குறைவேபோதும்:
சூடோவை ரொம்பத் தூக்கிவைக்க வேண்டாம். 2021 ஜனவரியில் வெளிவந்த 'பேரன் சேமிடிட்' என்ற பாதுகாப்பு ஓட்டை 2011 முதல் அதற்குள்ளேயே கிடந்தது. யார் சூடோ போடலாம் என்று சொல்லும் சூடோயர்ஸ் ஃபைலில் பெயரே இல்லாத யூசர்கூட அதை வைத்து ரூட் ஆகிவிட முடிந்தது. நான் ஓப்பன்பிஎஸ்டி என்ற ஓஎஸ்ஸிலிருந்து வந்த, சூடோவின் வேலையையே செய்யும் டூஆஸுக்கு மாறிவிட்டேன்.

பழையடெர்மினல்:
மாறுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் கணினியில் அந்த ஓட்டை அடைக்கப்படாத பழைய சூடோ இருக்கும்வரை, நீங்கள் ரூட் ஷெல்லில் உட்கார்ந்திருந்தாலும் அந்த ஓட்டை ஓட்டைதான். இங்கே கேட்டது அதுவல்ல.

கருந்திரை:
ரூட் ஷெல்லை முழுக்க விட முடியாது. சூடோயர்ஸைத் திருத்தும்போது, அதற்கென்றே உள்ள வைசூடோ கட்டளையே பிழை பார்த்தாலும், பக்கத்தில் ஒரு ரூட் ஷெல்லைத் திறந்து வைத்திருப்பேன். மற்றபடி இன்று ரூட்டின் பாஷ் (ஷெல்) அமைப்பில் டிஎம்அவுட் 300 (விநாடி) போட்டுவிட்டேன். 5 நிமிடம் சும்மா கிடந்தால் தானே மூடிக்கொள்ளும். புதியவரிடம் இன்னும் சொல்லவில்லை.