கலைச்சொல்: பறப்பு நேரமும் தரிப்பிடை நேரமும்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். தொலைதூர நகரங்களுக்கு இடையிலான தொலைவைக் குறிக்க ‘நேர்கோட்டுத் தொலைவு’, ‘காக்கை பறக்கும் தூரம்’ போன்றவையும், பறக்கும் நேரத்தைக் குறிக்கப் ‘பறப்பு நேரம்’, ‘முட்டுக்கட்டை நேரம்’ போன்றவையும் இங்கே முன்மொழியப்பட்டதைப் படித்தேன். தொலைவுக்கு நீண்ட விவாதம் தேவையில்லை. புவியின் மேற்பரப்பில் இரண்டு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய வழி, புவியைச் சரிபாதியாகப் பிரிக்கும் வட்டமான பெருவட்டத்தின் வில்லாக அமைவதால் ‘பெருவட்டத் தொலைவு’ என்பதே பொருந்தும். ‘நேர்கோட்டுத் தொலைவு’ என்றால் அந்தக் கோடு புவியைத் துளைத்துக்கொண்டு போகும். ‘காக்கை பறக்கும் தூரம்’ என்பது ஆங்கில வழக்கின் நிழல். லண்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் செல்லும் வழி தட்டை வரைபடத்தில் கிரீன்லாந்து வரை வளைந்து செல்வதால் சுற்றுவழிபோலத் தோன்றுகிறது. உண்மையில் அதுவே குறுக்குவழி என்பதைப் ‘பெருவட்டம்’ என்ற சொல்லே விளக்கிவிடுகிறது.

சிக்கல் நேரத்தில்தான் இருக்கிறது. சக்கரங்கள் ஓடுபாதையை விட்டு எழுவதிலிருந்து மீண்டும் தரையைத் தொடுவது வரையிலான நேரம் ஒன்று. சக்கரத்துக்கு அண்டக்கொடுத்த கட்டையை எடுத்து, வானூர்தி நிறுத்துமிடத்திலிருந்து நகரத் தொடங்கிய நொடியிலிருந்து, சேருமிடத்தில் முற்றாக நிற்கும் வரையிலான நேரம் மற்றொன்று. ஓடுபாதைக்கு முன்னே வரிசையில் காத்திருக்கும் நிமிடங்களும் இரண்டாவதில் சேரும். விமான நிறுவனங்களின் கால அட்டவணை இரண்டாவதையே பின்பற்றுகிறது. பன்னாட்டுக் குடிசார் வானூர்தி நிறுவனத்தின் (ICAO) வரையறையும் அவ்வாறே: ‘flight time’ என்ற ஆங்கிலச் சொல் பறத்தலைக் குறித்தாலும் அளவு தரையிலேயே தொடங்கித் தரையிலேயே முடிகிறது. அதனால்தான் அதைச் சொல்லுக்குச் சொல் ‘பறப்பு நேரம்’ என்று பெயர்ப்பது பிழையாகிறது என்கிறேன்.

இந்த வேறுபாடு அற்பமானதன்று. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே பெருவட்டத் தொலைவு ஏறத்தாழ 5,550 கிலோமீட்டர். தொலைவு மாறாதபோதும், மேற்கிலிருந்து கிழக்காக உயரத்தில் விரைந்து வீசும் தாரைக் காற்றால் நியூயார்க்கிலிருந்து வரும் பயணம் பொதுவாக ஒரு மணி நேரம் வரை குறைகிறது. 2020 பிப்ரவரியில் ஒரு வானூர்தி ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாகவே வந்து சேர்ந்தது. இத்தகைய ஒப்பீட்டில் காற்றின் பங்கையும் தரையில் காத்திருந்த நேரத்தையும் ஒரே சொல்லுக்குள் கலந்துவிட்டால், எது எதனால் மாறியது என்று வாசகர் பிரித்தறிய முடியாது.

இரண்டாவது நேரத்துக்கு ‘முட்டுக்கட்டை நேரம்’ என்று ஒருவர் முன்மொழிந்தது சொல்லளவில் மிகச் சரியானது. சக்கரத்துக்கு அண்டக்கொடுக்கும் அந்தக் கட்டைக்கு நம்மிடம் உள்ள பெயர் அதுதான். ஆனால் முட்டுக்கட்டை என்றதும் தடையும் தாமதமுமே இன்று நினைவுக்கு வருவதால், வானூர்தி தடைப்பட்டு நின்ற நேரம் என்றே பலரும் படிப்பார்கள். வருத்தத்தோடுதான் அதை விடுகிறேன். இலங்கைத் தமிழில் ‘பேருந்துத் தரிப்பிடம்’ நாள்தோறும் புழங்குகிறது. இரண்டு தரிப்புகளுக்கு இடைப்பட்டது என்ற பொருளில் ‘தரிப்பிடை நேரம்’ என்பதை முன்வைக்கிறேன். தமிழ்நாட்டில் ‘தரித்தல்’ அணிவதையும் கருவுறுவதையுமே முதலில் நினைவூட்டும் என்ற மறுப்பு வரலாம். ஆயினும் ‘தரித்து நின்றான்’ என்ற ஆட்சி இரு கரையிலும் புரியக்கூடியதே. சக்கரம் எழுவதிலிருந்து தொடுவது வரையிலான அளவுக்குப் ‘பறப்பு நேரம்’ அப்படியே இருக்கட்டும்.

சொற்றொடரில் வைத்துப் பாருங்கள்: “இப்பயணத்தின் தரிப்பிடை நேரம் 8 மணி 10 நிமிடம், அதில் பறப்பு நேரம் 7 மணி 25 நிமிடம்.” எனக்கு இது தடையின்றி ஓடுகிறது. உங்கள் காதுக்கு எங்கேனும் இடறினால், இடறும் இடத்தைச் சுட்டி எழுதுங்கள்.