கிளட்ச் விட மாட்டேங்குது: கியர்பாக்ஸை இறக்கணுமா?

செம்பனைத் தம்பி:
வண்டி பழைய ஹைலக்ஸ், எல்என்106, 2.8 டீசல். மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல செம்பனைக் குலை ஏத்தி எண்ணெய் மில்லுக்கு ஓடுது. கிளட்ச்சைத் தரை வரைக்கும் மிதிச்சாலும் ரிவர்ஸ் போட்டா கர்ருனு அரைக்குது. முதல் கியர்ல மிதிச்சுக்கிட்டு நின்னா வண்டி தானா முன்னால ஊருது. டவுன் வொர்க்‌ஷாப்ல கிளட்ச் பிளேட் போச்சு, கியர்பாக்ஸ் இறக்கணும், 900 வெள்ளி (ரிங்கிட்) ஆகும்னு சொல்றாங்க. வெட்டின குலையை 24 மணி நேரத்துக்குள்ள மில்லுல சேர்க்கணும். வண்டியை ரெண்டு நாள் படுக்கப் போட முடியாது. என்ன செய்யலாம்?

பட்டறை மாமா:
இறக்கிடுங்க தம்பி. பாரம் அடிக்கிற 30 வருஷத்து வண்டி. பிளேட், அதை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட், மிதிக்கும்போது அதை விடுவிக்கிற ரிலீஸ் பேரிங் மூணையும் ஒரே தடவையில மாத்தினா கூலி ஒரு தடவையோட போகும்.

கிராணி வீட்டு வண்டி:
மாமா, இதை நான் ஒத்துக்க மாட்டேன். பிளேட் தேஞ்சா கிளட்ச் வழுக்கும். மேட்டுல எஞ்சின் கத்தும், வண்டி ஏறாது. தம்பி சொல்றது அதுக்கு நேர் எதிர்: கிளட்ச் விடுபடவே இல்ல. அதுக்கு முதல்ல பெடல் கம்பி, பெடல் மிதிச்சா எண்ணெயைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டர், அந்த எண்ணெய் அழுத்தத்துல கிளட்ச் ஃபோர்க்கைத் தள்ளுற கீழ் சிலிண்டர் இதையெல்லாம் பார்க்கணும்.

எங்க வண்டியும் இதே மாதிரிதான் அரைச்சது. டேஷ்போர்டுக்கு அடியில தலையை விட்டு, பெடலையும் மாஸ்டர் சிலிண்டர் கம்பியையும் கோக்கிற பின்னை உருவினேன். நகத்தால தடவினா நடுவுல பள்ளம். பின் போற ஓட்டை முட்டை மாதிரி நீண்டு கிடந்தது. அந்த இடத்துல ரெண்டு மில்லிமீட்டர் தேஞ்சா, பாதத்துல ஒரு சென்டிமீட்டருக்கு மேல வீணாப் போகும்.

பட்டறை மாமா:
உள்ளே ரிலீஸ் பேரிங்கைத் தள்ளுற ஃபோர்க் உட்கார்ற குண்டு தேஞ்சாலும் இதே அரைப்புதான். எஞ்சின் கிராங்க் முனையில கியர்பாக்ஸ் தண்டைத் தாங்குற பைலட் பேரிங் இறுகினாலும் இதேதான். அதை வெளியில இருந்து எப்படிப் பார்ப்பீங்க?

கிராணி வீட்டு வண்டி:
அளந்து பார்க்கலாம் மாமா. ஒருத்தர் பெடலை மிதிக்கட்டும், இன்னொருத்தர் வண்டிக்கு அடியில படுத்து, கீழ் சிலிண்டர் கம்பி எவ்வளவு தள்ளுதுன்னு ஸ்கேல் வச்சுப் பார்க்கட்டும். 12 மில்லிமீட்டர் பக்கம் தள்ளியும் அரைச்சா நீங்க சொல்றதுதான் சரி, உள்ளேதான் கோளாறு. தள்ளல் குறைஞ்சா வெளியில கோளாறு. ரெண்டு மூணு தடவை அமுக்கி அமுக்கி மிதிச்சதும் சரியானா காத்து புகுந்திருக்கு, இல்ல மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் போயிருக்கு. கால் மணி நேர வேலை. அதைச் செய்யாம 900 வெள்ளி கேட்கிறது நியாயமில்ல.

செம்பனைத் தம்பி:
நேத்து சாயந்திரம் அளந்தேன். கம்பி 8 மில்லிமீட்டர்தான் தள்ளுது. பெடல்ல மேலே 40 மில்லிமீட்டர் சும்மா ஆடுது. பின்னும், அது போற ஓட்டையில இருக்கிற புஷ்ஷும் (வளையம்) தேஞ்சிருக்கு.

பட்டறை மாமா:
40 ரொம்ப அதிகம். 5லிருந்து 15க்குள்ள இருக்கணும். சரி, இது வெளிக் கோளாறுதான், ஒத்துக்கிறேன். ஆனா ஒண்ணு, ஆட்டத்தை ஒரேயடியா இல்லாம பண்ணிடாதீங்க. கம்பியை நீட்டி இறுக்கினா மாஸ்டர் சிலிண்டர்ல எண்ணெய் திரும்புற ஓட்டை அடைபடும். கிளட்ச் முழுசாப் பிடிக்காம பிளேட் கருகும். அப்படிக் கருக்கிக்கிட்டு என் பட்டறைக்கு வந்த வண்டி நிறைய.

செம்பனைத் தம்பி:
பின், புஷ் ரெண்டும் 20 வெள்ளிக்குள்ள முடிஞ்சது. ஆட்டத்தை 10ல வச்சேன். கம்பி இப்ப 12 தள்ளுது. ரிவர்ஸ் சத்தமில்லாம விழுது. காலையில ரெண்டு நடை அடிச்சாச்சு.

பட்டறை மாமா:
சந்தோஷம். நியூட்ரல்ல பெடலை மிதிக்கும்போது உஸ்ஸுனு சத்தம் வருதா?

செம்பனைத் தம்பி:
லேசா வருது மாமா. விட்டா நின்னுடுது.

பட்டறை மாமா:
அது ரிலீஸ் பேரிங். இன்னும் கொஞ்ச நாள் ஓடும். குலை குறையுற மாசமாப் பார்த்து இறக்குங்க, அப்ப ஃபோர்க் குண்டையும் நான் கண்ணால பார்க்கணும்.

கிராணி வீட்டு வண்டி:
இதுல எனக்கு மறுப்பே இல்ல மாமா.