புதுப்பிப்பு: எங்கள் சங்கத்தின் ஈமக்கிரியை நிதி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் சிறு தமிழ்ச் சங்கத்தில் சந்தா கட்டுவோர் குறைகிறார்கள், சாவுச்செலவுக்குக் கொடுக்கும் தொகை மட்டும் ஏறுகிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பொதுக்குழு கூடி முடிந்தது. பலர் கேட்டதால் எழுதுகிறேன்.

பெரிய வாதமே விலைவாசியைப் பற்றித்தான். "வங்கியில் பணம் பத்திரமாக இருக்கிறதே தம்பி" என்றார்கள் மூத்தவர்கள். கணக்குப் போட்டுக் காட்டினேன்: விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால், இன்றைய 10,000 ரேண்ட் 20 ஆண்டில் ஏறக்குறைய 3,800 ரேண்டுக்கான பொருளைத்தான் வாங்கும். வட்டி விலைவாசி ஏற்றத்தைத் தாண்டாவிட்டால், போட்ட பணத்தின் மதிப்பு கரைகிறது என்றுதான் பொருள். அதன்பிறகு சத்தம் குறைந்தது.

சந்தா இனி ஆண்டுதோறும் விலைவாசியோடு சேர்ந்து ஏறும். ஈமக்கிரியை நிதி தனிக் கணக்கு. தைப்பூசச் செலவுக்கு அதில் கை வைக்கக் கூடாது. (இதற்குத்தான் எத்தனை முகச்சுளிப்பு!)

நன்கொடையாளருக்கு வரிச்சலுகை கிடைக்குமா என்று ஒரு அண்ணா கேட்டிருந்தார். நன்கொடைக்கு வரிச்சலுகை தருவது இந்நாட்டு வருமானவரிச் சட்டத்தின் 18A பிரிவு. அது எல்லாப் பொதுநலப் பணிக்கும் பொருந்தாது. ஏழைகளுக்கான உதவி, கல்வி போன்றவை அதில் வரும். சமயப் பணி வராது. ஆகவே கோயிலுக்குத் தரும் நன்கொடைக்கு வரிச்சலுகை ரசீது எழுத முடியாது. உணவுப் பொட்டலத் திட்டத்துக்கு அந்தச் சலுகை கேட்டு விண்ணப்பிக்கலாம் என்று பேசியிருக்கிறோம்.

மண்டபத்தை வாடகைக்கு விடுவது மட்டும் இன்னும் இழுபறி. இளையவர்கள் சரி என்கிறார்கள், மாமிசச் சமையலை நினைத்துப் பெரியவர்கள் தயங்குகிறார்கள். அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறோம்.