மருந்து வழக்கு: சமரசத் தொகையா, ஜூரி விசாரணையா?

நியூ ஜெர்சியில் வசிக்கும் என் தந்தை, மூட்டுவலிக்காக மருத்துவர் எழுதித்தந்த மாத்திரையை 14 மாதங்கள் உட்கொண்ட பின் 2022 மார்ச்சில் மாரடைப்புக்கு உள்ளானார். இன்று நான்கு படி ஏறினாலே கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றுவிடுகிறார். தயாரிப்பு நிறுவனம் முன்வைத்துள்ள சமரசத்தில் 30 நாட்களுக்குள் கையெழுத்திட வேண்டும். வழக்கறிஞரின் மூன்றில் ஒரு பங்கும் மெடிகேர் (முதியோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடு) திரும்பக் கேட்கும் சிகிச்சைச் செலவும் போக, எஞ்சுவது சொற்பமே.

மருந்துக்கடைப் பதிவுகள், இதயப் பரிசோதனை அறிக்கைகள் அனைத்தையும் திரட்டிவிட்டோம். வேறு இரு வழக்கறிஞர்களை அணுகியதில் ஒருவர் ஏற்கச் சொன்னார், மற்றவர் பதிலே தரவில்லை. வயாக்ஸ் என்ற மூட்டுவலி மருந்து மாரடைப்பை உண்டாக்கியதாகத் தொடுக்கப்பட்ட வழக்கில் 2005இல் டெக்சாஸ் ஜூரி (பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படும் நடுவர் குழு) அளித்த சுமார் 25.3 கோடி டாலர் தீர்ப்பு 2008இல் மேல்முறையீட்டில் ரத்தானதையும், 2007இல் எட்டப்பட்ட 485 கோடி டாலர் சமரசத்தில் ஆயிரக்கணக்கானோர் இழப்பீடு பெற்றதையும் படித்தபின் தயக்கம் கூடியிருக்கிறது.

சமரசத்தை மறுத்து ஜூரி வரை சென்றவர்களுக்கு, மேல்முறையீடும் முடிந்து பணம் கைக்கு வர எத்தனை ஆண்டுகள் ஆயின?